கோச்சை மாத்தணுமா, இருக்கட்டுமா

யாசிர், இதை உனக்குத் தனியாக அனுப்பவில்லை, நம் ஃபோன் குழுவிலேயே போடுகிறேன். ஸலாம் எல்லாருக்கும் சேர்த்து. போன வருஷம் என் விஷயம் இந்தக் குழுவில்தான் முடிந்தது, இப்போது உன் விஷயமும் இதில்தான் கிடக்கிறது, அதனால் வாப்பாவும் மகனும் மட்டும் மூலையில் போய்க் குசுகுசுப்பதில் அர்த்தமில்லை. நீளமாக இருக்கிறது என்று பாதியில் விடுகிறவர்கள் விடலாம். இரண்டு கோல் வாங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களும் அவர்கள்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காகச் சில சங்கதிகளை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. துபாயில் இருக்கிற நம் ஊர்க்காரர்களின் மன்றத்துக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. குளிர் மாதங்களில் ஞாயிறு மாலை அல் குசைஸில் ஒரு வாடகை மைதானத்தில் மற்ற ஊர்க்காரர்களோடு ஆடுவோம். அந்த அணிக்கு நான் பல வருஷம் கோச்சாக இருந்தேன். போன வருஷம் என்னை மாற்றினீர்கள். எனக்குப் பிறகு வந்த சாதிக்கை அதைவிடச் சீக்கிரம் மாற்றினீர்கள். இப்போது கோச் நீ. நேற்று காலையில், நமக்குக் கோலில் நின்ற மீரான் உன்னைப் பற்றி ஓட்டெடுப்பு போட்டிருக்கிறான், கோச்சை மாத்தணுமா, இருக்கட்டுமா என்று. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் முடிவாம். எல்லாரும் போட்டுவிட்டார்கள், நான் மட்டும் இன்னும் போடவில்லை.

மாதக் கடைசியில் நானும் உன் உம்மாவும் விசாவை முடித்துக்கொண்டு கேன்சலில் ஊருக்கே போகிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். வீடு முழுக்க அட்டைப்பெட்டி. ஃபிரிட்ஜை வாங்கிக்கொள்ள பக்கத்துக் கட்டடத்து மலையாளி ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதனால் நேற்று உன் உம்மா அதன் கதவில் காய்ந்துபோன டேப் பிசினைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நீ ஒட்டியது. இங்கிலாந்தில் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு ஊரின் கிளப்பை, வகுப்பில் எல்லாரும் சொல்கிறார்கள் என்று நீ பிடித்துக்கொண்டாய். பிடித்தது பிடித்ததுதான். அந்தக் கிளப்பின் கோச் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாய். தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைக்காரர் என்னை முறைத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவரை நீக்கிவிட்டார்கள். அன்று நீ சாப்பிடவில்லை. நான் வேலைவிட்டு வந்ததும், "அவரு இனி எங்க போவாரு வாப்பா? அவங்க புள்ளைங்க ஸ்கூல் மாறணுமா?" என்று கேட்டாய். துபாய்ப் பிள்ளைக்கு அந்தக் கேள்விதான் வரும். வாப்பாவின் வேலை போனதும் பாதி வருஷத்தில் டிசி வாங்கிக்கொண்டு போன பிள்ளைகள் உன் வகுப்பில் எத்தனை பேர். அவருக்கு வேறு கிளப் கிடைக்கும், கவலைப்படாதே என்று சொல்லி உன்னைச் சோறு தின்ன வைத்தேன்.

அடுத்தவர் படமும் கதவில் ஏறியது. அவரும் போனார். அதற்கு அடுத்தவர் வந்த அன்று நீ உன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் பெருநாள் மாதிரி கொண்டாடினாய். அந்த மனிதர் வந்து ஒரு சீசன்கூட ஆகியிருக்காது, "இவரு போகணும் வாப்பா, டிரெஸ்ஸிங் ரூம் இவரு கையில இல்ல" என்றாய், ஆட்டக்காரர்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை என்று அர்த்தமாம். உன் உம்மா அடுப்படியிலிருந்து, "எந்த ரூம்? வாடகை பாக்கியா?" என்று கேட்டாள். நாம் மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நீ படம் ஒட்டுவதை விட்டுவிட்டாய். வளர்ந்துவிட்டாய், கையில் ஃபோன் வந்துவிட்டது, ஃபோனில் பெயரைப் போட்டு 'அவுட்' என்று எழுதினால் போதும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாம் ஆட்டத்துக்காக டிவி முன்னால் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. நீ ஃபோனைப் பார்த்தாய். "ஆளைத் தூக்கிட்டாங்க" என்றாய். அடுத்த மூச்சில், "உம்மா, சாஸ் இருக்கா?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தேன். கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. எனக்கு அந்த முகம் ரொம்பப் பழக்கம். ஜெபல் அலியில் என் டயர் கிடங்கில் தினமும் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

என் கிடங்கில் மேனேஜர்கள் அப்படித்தான் வந்தார்கள், அப்படித்தான் போனார்கள். ஒருவர் வந்து டயர்களை வாசல் பக்கம் அடுக்கச் சொன்னார். அடுக்கினோம். அவரை அனுப்பிவிட்டு வந்தவர், இது என்ன முட்டாள்தனம், உள்பக்கம் கொண்டுபோ என்றார். கொண்டுபோனோம். அதற்கடுத்தவர் மறுபடியும் வாசல் பக்கம். அதே டயர், அதே ஆட்கள், ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மட்டும் நல்ல ஓட்டம். ஆரம்பத்தில் ஒவ்வொருவர் போகும்போதும் பணம் சேர்த்து கேக் வெட்டி அனுப்புவோம். பிறகு கேக் நின்றது. கடைசிகடைசியாக வந்தவர் கை கொடுத்தபோது அவர் பெயரைக்கூட நான் காதில் வாங்கவில்லை. உன் உம்மா, "புது மேனேஜர் எப்படி?" என்று கேட்பாள். "வந்திருக்காரு" என்பேன். அவர் நல்ல மனிதராகவும் இருந்திருக்கலாம். பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடிக்கடி ஆளை மாற்றினால் போகிறவருக்கு என்ன ஆகிறது என்று டிவியில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். இருக்கிறவர்களுக்கு ஆவது இதுதான், மரத்துப்போகிறது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் வரிசையாகத் தோற்றோம். நான் சரியாகச் செய்தேன் என்று சொல்ல வரவில்லை. மீரானுக்குத் தொப்பை போட்டுவிட்டது, கீழே வருகிற பந்துக்குக் குனிய முடியவில்லை என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெய்ராவில் மொபைல் கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு ஒரு பயிற்சிகூடத் தவறாமல் வருகிறானே என்று அவனையே கோலில் நிறுத்தினேன். அது பிழைதான். நீ கேப்டன், குழுவுக்கு அட்மினும் நீதான். நாலா பக்கமும் உன்னைப் பிடுங்கியிருப்பார்கள். ஒரு நாள் நான் ஜெபல் அலியில் கன்டெய்னர் ஒன்றின் முத்திரையை உடைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் சத்தம் போட்டது. திறந்தால் உன் ஓட்டெடுப்பு, கோச்சை மாத்தணுமா, இருக்கட்டுமா. அப்போது யாருமே போட்டிருக்கவில்லை. கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. துக்கமும் வரவில்லை. பக்கத்தில் நின்ற பீகார்ப் பையன், "க்யா ஹுவா பாய்?" என்றான். "குச் நஹீ", ஒன்றுமில்லை என்றேன். அது நிஜம். அப்படியே 'மாத்தணும்' என்பதில் விரலை வைத்து அழுத்திவிட்டு கன்டெய்னர் கதவைத் திறந்தேன். ஏன் அழுத்தினாய் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், பிள்ளைகளுக்குச் சங்கடம் வேண்டாமே என்று சொல்லியிருப்பேன்.

இந்த ஓட்டெடுப்பில் ஒளிவுமறைவு கிடையாது. யார் எதில் போட்டார்கள் என்று தொட்டுப் பார்த்தால் படத்தோடு காட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு தொட்டுப் பார்த்தேன். 'இருக்கட்டும்' என்பதன் கீழே மீரான் ஒருவன் மட்டும். 'மாத்தணும்' என்பதன் கீழே என் படம், என்னைச் சுற்றி நம் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும். அதில் கிளப் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிற உன் படமும் இருந்தது. ஃபோனை மூடிப் பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் நீ குழுவில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு போட்டாய். அவரது சேவைக்கு மன்றம் நன்றி தெரிவிக்கிறது, அவரது எதிர்காலப் பணிகளுக்கு வாழ்த்துகிறது. எனக்கு அந்த வாசகம் புதிதில்லை, உன் கிளப் ஒவ்வொரு தடவையும் அதைத்தானே போடுகிறது. பெயரை மட்டும் மாற்றியிருந்தாய். எனக்கிருந்த எதிர்காலப் பணி அன்று மாலை சூப்பர்மார்க்கெட்டில் அரிசி மூட்டை தூக்குவதுதான்.

டிவியில் நீக்கப்பட்ட கோச்சைக் காரில் ஏற்றி வாசலைத் தாண்டும்வரை காட்டுவார்கள், அதற்குமேல் காட்ட மாட்டார்கள். நம் வீட்டில் நீக்கியவனும் நீக்கப்பட்டவனும் ஒரே காரில் போய் வர வேண்டியிருந்தது. எப்போதும் நான்தான் ஓட்டுவேன். அன்று நீ சாவியை எடுத்துக்கொண்டாய். மூட்டையைப் பின்னால் போட்டுவிட்டு நான் முன்னால் உட்கார்ந்தேன். சிக்னலில் நின்றோம், கிளம்பினோம், மறுபடியும் நின்றோம். நாம் வழக்கமாகச் சாயா குடிக்கிற கஃபேட்டீரியா முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தாய். பையன் காருக்கே வந்தான். நீ என் பக்கம் திரும்பாமல், "சுலைமானியா வாப்பா, பால் சாயாவா?" என்று கேட்டாய். "ஏதாச்சும் சொல்லு" என்றேன். நீ பால் இல்லாத சுலைமானி சொன்னாய். குடித்தோம், வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு நாம் பேசவில்லை என்று சொல்ல முடியாது. பார்க்கிங் பேசினோம், உம்மாவின் முட்டுவலி பேசினோம், டிக்கெட் எந்த மாதம் மலிவு என்று பேசினோம். பந்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. சனிக்கிழமை உன் கிளப் ஆடும்போது நான் உள் அறையில் போய்ப் படுத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை நீ பூட்ஸை எடுக்கும் சத்தம் கேட்கும். வரவில்லையா என்று நீ கேட்கவில்லை, வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. எனக்கு வலித்ததா என்றால், இல்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்டால் உதட்டைக் கடித்தாலும் தெரியாதே, அந்த மாதிரிதான் இருந்தது. சாதிக்கை நீங்கள் மாற்றியபோது அவன் என்னை அண்ணனாக நினைத்துத் தேடி வந்தான். "காக்கா, நான் என்ன தப்பு செஞ்சேன், ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றான். நல்ல பையன், கண் கலங்கியிருந்தது. சாயா கொடுத்து அனுப்பினேன். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லாமல் போனதுதான் எனக்கே கேவலமாக இருந்தது.

பிறகு நீ கோச் ஆனாய். உனக்குத் தெரியாது, கடைசி இரண்டு ஆட்டத்தையும் நான் வேலிக்கு வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் நின்று பார்த்தேன். மருந்துக்கடைக்குப் போவதாகத்தான் உம்மாவிடம் சொன்னேன். நீ என்ன செய்கிறாய் என்று ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது. உன் கிளப்பின் புது கோச் ஆடவைக்கிற மாதிரி எதிராளியின் கோல் வரைக்கும் போய்த் துரத்தச் சொல்லியிருக்கிறாய். யாசிர், அங்கே ஓடுகிறவர்களுக்கு ஓடுவதுதான் தொழில். உன் ஆட்களில் ஒருவன் காலையிலிருந்து தண்ணீர் கேன் ஏற்றி இறக்கியவன், ஒருவன் மதியம் பிரியாணி தின்றுவிட்டு நேராக வந்தவன், உன் இடது பக்கத்துக்காரனுக்குப் போன மாதம்தான் பேரன் பிறந்திருக்கிறான். பாதி ஆட்டத்துக்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது. பின்னால் வந்து நில்லுங்கள், பந்து நம்மிடம் வரட்டும் என்று சொன்னால் போதும், பாதி கோல் குறையும். மீரானைக் கோலிலிருந்து எடுத்தது சரிதான். அதை அவனிடம் நேரில் சொல்லாமல் பெயர்ப்பட்டியலில் இல்லாமல் செய்தது சரியில்லை. என் பக்கம் நின்ற ஒரே ஆள் இன்று உனக்கு எதிராக ஓட்டெடுப்பு போடுகிறான் என்றால் அவனையும் குறை சொல்ல முடியாது. நீ நல்ல கோச் இல்லை. இன்னும் இல்லை என்று வைத்துக்கொள்ளேன்.

நேற்று மீரான் போட்டதும் திறந்து தொட்டுப் பார்த்தேன். முதல் ஆளாக ஒரே ஒருவர் போட்டிருந்தார். 'மாத்தணும்' என்பதன் கீழே, கிளப் சட்டை போட்ட படம். நீ. உன்னை நீயே மாற்றச் சொல்லியிருக்கிறாய். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, கையில் எண்ணெய்த் துணியோடு உன் உம்மா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"வாப்பா மாதிரியே புள்ளை" என்றாள்.

"என்ன வாப்பா மாதிரி? நான் போட்டது வேற. இவன் அன்னைக்கி எனக்கு எதிராப் போட்டவன்."

"நீங்க போட்ட பொறகுதானே அவன் போட்டான். அந்த ஃபோன்லயே நேரம் இருக்குமே, பார்த்ததில்லையா? அன்னைக்கி மத்தியானம் எனக்குப் போன் பண்ணினான். 'வாப்பாவே மாத்தணும்னு போட்டுட்டாங்க உம்மா, அவங்களுக்குச் சலிச்சுப்போச்சு போல, நான் மட்டும் இருங்கன்னு பிடிச்சு வச்சா நல்லா இருக்குமா'ன்னு கேட்டான். குரலே சரியில்ல."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? நான் வாயெடுத்தாலே குச் நஹீ, குச் நஹீன்னு எந்திரிச்சுப் போயிடுவீங்க."

பழைய ஓட்டெடுப்பைத் தேடி எடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேரத்தைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. முதல் ஓட்டு என்னுடையது. உன்னுடையது கடைசி, எல்லாரும் போட்டு முடித்த பிறகு. ஒரு வருஷமாக நான் உன் படம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்த்திருக்கிறேன், அது எப்போது அங்கே வந்தது என்று பார்க்கவில்லை. ஓட்டெடுப்பை நீ போட்டிருக்க வேண்டாம், எனக்கு முதலில் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது உன் கணக்கில் இருக்கட்டும். மற்றது என்னுடையது.

எனக்குச் சலித்துப்போகவில்லை யாசிர். எனக்கு இருக்க ஆசை. ரொம்ப ஆசை. வாரம் முழுக்க டயரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றுகிறவனுக்கு ஞாயிறு மாலை ஒரு விசில் கையில் இருந்தது, நான் நில் என்றால் நிற்க ஆள் இருந்தது, அதில் நீயும் இருந்தாய். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்டு இல்லை என்றாகிவிட்டால் என்ன செய்வது என்று, நீங்கள் சொல்லும் முன்னால் நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சங்கடம் வேண்டாம் என்றதெல்லாம் சும்மா. 'மாத்தணும்' என்று தன் பெயருக்கு நேரே தானே அழுத்துகிறவனுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நான் அழுத்திப் பார்த்தவன். அன்று கன்டெய்னர் முன்னால் நின்று காத்திருந்தபோது வராதது நேற்று வந்தது. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். உன் உம்மா ஃபிரிட்ஜைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் நீ போட்டதைப் பார்த்து நான் போட மாட்டேன். அன்று நீ அப்படிச் செய்துதான் இந்த ஒரு வருஷம் போயிற்று. இன்னும் சில நாளில் நான் ஊரில் இருப்பேன், நீ இங்கே இருப்பாய். அப்புறம் இதே தப்பை ஃபோனிலேயே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இழுக்கலாம். சம்பளமோ கல்யாணமோ லீவோ, எதுவானாலும் வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல். மற்றவர் முகத்தைப் பார்த்து, அவர் வாய் திறக்கும் முன்னால் நீயே விட்டுக்கொடுத்துவிட்டு நல்லவன் ஆகாதே. உன் கிளப் கோச்சுகளில் ஒருவர்கூட அப்படிப் போனதில்லை, எல்லாரும் கடைசிவரை எனக்கு இன்னும் நாள் வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். கேட்டதால் யாரும் குறைந்துபோகவில்லை.

இதைக் குழுவில் போட்டதும் என் ஓட்டைப் போடுவேன். முடிவு மாறாது, எண்ணிப் பார்க்க எனக்கும் தெரியும். மகன் என்பதற்காகப் போடுகிறார் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், ஆமாம் என்பேன். 'இருக்கட்டும்' என்பதன் கீழே போய்ப் பார். கண்ணாடி போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த முகத்தோடு ஒரே ஒரு படம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் வேலிக்கு உள்ளே வந்து உட்காருவேன், கோச்சுக்குப் பக்கத்து நாற்காலியை யாரும் எடுக்க வேண்டாம். ஆட்டம் எப்படி முடிந்தாலும் கார் சாவி என்னிடம் இருக்கும், தேடாதே. அந்தக் கஃபேட்டீரியா முன்னால் நிறுத்தி ஹாரன் அடிப்பேன். சுலைமானியா, பால் சாயாவா என்று இப்போதே யோசித்து வை. ஏதாச்சும் என்று மட்டும் சொல்லாதே. அன்று நீ கேட்டாயே, எனக்குப் பால் சாயாதான் வேண்டியிருந்தது.